மாதனூருக்குச் சோதனைக்குப் போனேன்

காலை 6.10. சென்னையில் ரயில் ஏறினேன். நேரில் பார்த்த பிறகு எழுத வேண்டிய அறிக்கையைப் போன வாரமே எழுதி அனுப்பியிருந்தேன்.

மருத்துவமனை பில்களைச் சரிபார்க்கும் குழு ஒன்றுக்கு நான் பொறுப்பாளன். அதில் கலைச்செல்வி நான்கு வருடமாக மாதனூரில் இருந்தபடியே வேலை செய்கிறார். அவரோடு போனில் பேசும்போதெல்லாம் பின்னால் ஏதோ மெஷின் ஓடும். வேலை நேரத்தில் வேறு தொழில் நடத்துகிறார், சென்னைக்கு வரவழைக்க வேண்டும் என்று எழுதிவிட்டேன். இந்தப் பயணம் ஒரு சம்பிரதாயம்தான்.

9.20. ஆம்பூர். அங்கிருந்து பஸ்ஸில் மாதனூருக்குப் பதினைந்து ரூபாய். ஷூ கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தன. பக்கத்து சீட்டுக்காரரிடம் கலைச்செல்வியின் முகவரியைக் காட்டி வழி கேட்டேன். "ரெஜினாக்கா மாவுக்கடை மாடிதானே?" என்றார். மாவுக்கடை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. அதை இப்போது எழுதக் கூசுகிறது.

10.15. கீழே இரண்டு கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாடியில் நான்கு பெண்கள், நான்கு வெவ்வேறு கம்பெனி வேலையில் இருந்தார்கள். நால்வரும் சேர்ந்து அந்த அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கலைச்செல்வி எழுந்து நாற்காலி போட்டார். அன்றைய பில்களில் பாதிக்கு மேல் முடித்திருந்தார்.

கடை கலைச்செல்வியுடையது அல்ல, ரெஜினாவுடையது. அவர் ஷூ கம்பெனியில் தைத்துத் தைத்து முதுகு போய் வீட்டில் உட்கார்ந்தவர். இந்த நால்வருக்கும் மதியச் சாப்பாடு செய்து தர ஆரம்பித்து, அந்த வருமானத்தில் கிரைண்டர் வாங்கினாராம். இப்போது சுற்றியுள்ள கடைகளுக்கு அவர் மாவுதான் போகிறது. கூட இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். மாடியில் இருக்கும் நால்வருக்காக அந்தத் தெருவுக்கு வந்த இன்டர்நெட் லைன்தான் இப்போது மருந்துக்கடைக்கும் ஓடுகிறது.

1.00. சாப்பாடு பரிமாறிக்கொண்டே ரெஜினா என்னிடம் சொன்னார்: "யாரோ ஆபிசரு இந்தப் பொண்ணப் பத்தி எழுதிப் போட்டாராம் சார். என் கிரைண்டர் சத்தத்துக்கு இதுக்கு வேலை போவுது. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"எழுதினது நான்தான்" என்றேன்.

கலைச்செல்வி நிமிரவில்லை. "தெரியும் சார். அக்காகிட்டதான் சொல்லல. அது இன்னா சத்தம்னு ஒரு தடவ கேட்டிருக்கலாம்."

ரெஜினாவின் கரண்டி அப்படியே நின்றது. பிறகு என் இலையில் ரசம் ஊற்றினார்.

கலைச்செல்வியின் மேஜையில் உட்கார்ந்தே, நான் எழுதியது தவறு என்று அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினேன். 4.40 ரயிலில் திரும்பினேன். மெயிலை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு மாதத்தில் சென்னைக்கு வர வேண்டும், இல்லையென்றால் விலக வேண்டும் என்று உத்தரவு போனது. கலைச்செல்வி விலகினார். பக்கத்து நாற்காலிப் பெண்ணின் கம்பெனியில் சேர்ந்து, இப்போதும் அதே அறையில்தான் வேலை செய்கிறார். அவரை என் மெயில் காப்பாற்றவில்லை, அந்தப் பெண்தான் காப்பாற்றினார்.

நானும் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்பவன்தான். மதியச் சாப்பாட்டைப் போனில் வரவழைக்கிறேன். சமைப்பவர் யாரென்று தெரியாது. தெருமுனைக் கடைக்காரரின் பெயரும் தெரியாது. நாளைக்கே என் வேலை போனால் எங்கள் தெருவில் எவர் வீட்டிலும் ஒரு பிடி அரிசி குறையாது.