நகலா, இடமாற்றமா?

எங்கள் நகராட்சியின் கணினிப் பிரிவில் மூன்று பேர். அதில் ரைலி கொக்கோனெனுக்கு வயது அதிகம், பேச்சு குறைவு. இருபது வருடம் தண்ணீர்க் குழாய்களில் கசிவு தேடும் வேலை பார்த்தவர். முழங்கால் கெட்ட பிறகுதான் கணினி படித்து எங்களிடம் வந்தார்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, பழைய சர்வரில் இருந்த மெய்நிகர் கணினி ஒன்றைப் புதிய சர்வரில் ஏற்றி இயக்கினார். பெரிய கணினிக்குள் வெறும் கோப்பாக வாழும் கணினி அது. வீடு வீடாகப் போகும் செவிலியர்களின் பட்டியல் அதில்தான் இருந்தது: எந்த வீடு, என்ன ஊசி, எவ்வளவு அளவு. கணினி ஓடியது, ஆனால் வலையமைப்பில் சேரவில்லை. பழைய சர்வரின் வட்டு சாகும் தறுவாயில் இருந்ததால், திரும்பிப் போகவும் வழியில்லை. எட்டு மணிக்குக் கார்கள் கிளம்ப வேண்டும்.

எங்கள் தலைவர் துவோமோ கம்பளிக் காலுறையோடு ஓடி வந்தார்.

"மூணு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு, ரைலி. ஃபயர்வாலையே எடுத்துடலாமா?"

"பல்பு எரியலன்னா சுவத்த இடிப்பியா? கைய எடு."

செவிலியர் பைவிக்கி கார்ச் சாவியோடு வாசலில் நின்றார்.

"பதினாலு பேர் இன்சுலினுக்காகச் சாப்பிடாம உக்காந்திருக்காங்க. பேரு எனக்குத் தெரியும், இன்னைக்கு அளவு தெரியாது. நேத்துப் பட்டியல வச்சுக்கிட்டு நான் ஊசி போட மாட்டேன். எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியாது. தெரிஞ்சதும் சொல்றேன்."

ரைலி ஒரு தாளை எடுத்துக்கொண்டார். உறுதியானதை மட்டும் எழுதுவார், சந்தேகத்தை எழுதமாட்டார். அதே சர்வரில் இருக்கும் மற்ற கணினிகளுக்கு இணைப்பு உண்டு. ஆகவே கம்பியில் பழுதில்லை. எழுதினார். இந்தக் கணினியின் வலையமைப்பு முகவரி 169இல் தொடங்கியது. முகவரி கேட்டு யாரும் தராதபோது கணினி தானே போட்டுக்கொள்ளும் எண் அது. அதையும் எழுதினார். அப்படியானால், ஏன் தரவில்லை?

எங்கள் வலையமைப்பு, தன் பட்டியலில் அடையாள எண் உள்ள கணினிக்கு மட்டுமே முகவரி தரும். பட்டியலில் இருந்த எண்ணையும் இந்தக் கணினியின் இப்போதைய எண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கடைசி ஆறு இடங்கள் வேறாக இருந்தன. பேனாவைக் கீழே வைத்தார்.

"நான்தான் பண்ணினேன்," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "முதல்ல ஆன் பண்ணுறப்போ, 'நகலெடுத்தாயா, இடம் மாற்றினாயா'ன்னு சர்வர் கேட்டுச்சு. கோப்ப நகலெடுத்துத்தான கொண்டாந்தேன், அதனால நகலெடுத்தேன்னு அழுத்தினேன். நகல்னா புது ஆளுன்னு நெனச்சு, புது அடையாளம் குடுத்திருச்சு. இடம் மாத்தினேன்னு சொல்லியிருந்தா பழசையே விட்டிருக்கும்."

"உண்மைய சொல்லி மாட்டிக்கிட்ட முதல் ஆளு நீதான்," என்றார் துவோமோ.

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன். எதுக்குக் கேக்குதுன்னு யோசிக்கல."

வலையமைப்பின் பட்டியலில் புதிய எண்ணைப் பழைய முகவரிக்கு நேராகப் பதிந்தார். அரை நிமிடம் போனது. பைவிக்கியின் கைபேசியில் பட்டியல் வரி வரியாக இறங்கியது. எட்டுக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. "அளவும் இருக்கு!" என்று கத்திக்கொண்டே பனிக்குள் ஓடினார்.

பழுதைக் கண்டுபிடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேடிப்போன இடத்தில் தன்னையே கண்டபோதும் குரல் மாறாதவர் இவர் ஒருவர்தான். அவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

பழுதுக் குறிப்பேட்டில் 'மென்பொருள் கோளாறு' என்று போட்டுவிடலாம் என்றார் துவோமோ. ரைலி எழுதினார்: 'காரணம்: ரைலி கொக்கோனென் தவறான பதிலை அழுத்தினார்.'

"தவறான பதில் இல்லையே, நெஜமான பதில்தானே?" என்றார் துவோமோ.

"அத அப்புறம் பேசலாம். காபி போடு."

துவோமோ போய்ப் போட்டார்.