புது ரப்பர் போட்டும் நிற்காத சைக்கிள்

இன்று காலை பாறசாலை இறக்கத்தில் சைக்கிளின் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை. போன வாரம்தான் புது பிரேக் ரப்பர் மாற்றியிருந்தேன்.

காலைத் தரையில் தேய்த்து, ஒரு மீன்காரம்மாவின் சட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றேன்.

"மக்கா, என்னைக் கொல்லதுக்கா வந்தே?" என்றார் அவர்.

அப்படியே உருட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேபிளை இழுத்துப் பார்த்தார், ரப்பரைப் பார்த்தார். இரண்டும் சரி. அவரும் குழம்பிவிட்டார். பிறகு ரிம்மை விரலால் தடவி, முகர்ந்தார்.

"தேங்காண்ணெ ஆக்கும்! பிறகு ரப்பர் எங்க பிடிக்கும்?"

சோப்புத் தண்ணீரால் ரிம்மைக் கழுவித் துடைத்தார். ரப்பரை உப்புத்தாளால் தேய்த்தார். இப்போது பிரேக்கைத் தொட்டாலே வண்டி நிற்கிறது.

ரிம்மில் தேங்காய் எண்ணெய் எப்படி வந்தது? என் கணவருக்கு ஃபோன் போட்டேன்.

"துரு பிடிக்கக் கூடாதுண்ணு நான்தான் தேச்சேன். மினுமினுண்ணு இருக்குல்லா? பக்கத்து வீட்டு டீச்சருக்க சைக்கிளுக்கும் தேச்சுக் குடுத்தேன்."

கோபம் வருவதற்குள் பயம் வந்துவிட்டது. உடனே டீச்சரை அழைத்தேன். நல்லவேளை, வீட்டில்தான் இருந்தார்.

"சைக்கிளை எடுக்காண்டாம் டீச்சர், நான் இப்போ வாறேன்."

"ஏன் சேச்சி? அண்ணன் தொடச்சுத் தந்த பிறகு கண்ணாடி மாதிரி மின்னுது. இப்படி ஒரு ஆளு வேற எங்க உண்டு?"

இப்போது டீச்சர் வீட்டு வாசலில் ஒரு வாளி சோப்புத் தண்ணீரோடு நிற்கிறேன். என் கணவரைக் காட்டிக்கொடுக்காமல் இதை எப்படிச் சொல்வது? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள், கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது.