அண்ணியின் தோள்மூட்டு

அவளை எல்லோரும் "ரப்பர் டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார்கள். இருபது வருடமாக ஹார்டுவேர் கடை மாடியில் யோகா சொல்லிக்கொடுப்பவள். முதுகை வளைத்து உச்சந்தலையைக் குதிகாலில் வைத்தால், புதிதாகச் சேர்ந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தப் பிளந்த வாய்களுக்காகவே இன்னும் கொஞ்சம் வளைவாள்.

நாற்பத்தாறாவது வயதில், ஒரு ஞாயிறு மதியம் பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கும்போது வலது தோள் கழன்றுவிட்டது. பெட்டியில் இருந்தது நாலு போர்வைதான்.

"உங்க மூட்டெல்லாம் பிறவியிலேயே தளர்வு," என்றார் பிசியோதெரபிஸ்ட். "வளைய உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வளைஞ்ச இடத்துல பிடிச்சு நிறுத்தத்தான் பலம் இல்ல. தசைக்குப் பலம் ஏத்தற பிலாட்டீஸ் பயிற்சி பழகுங்க."

அவள் முகம் சுண்டிப்போனது. அக்கம்பக்கத்தில் பிலாட்டீஸ் வகுப்பு நடத்துவது ஒரே ஒருத்தி, அவளுடைய நாத்தனார். "மல்லாந்து படுத்துக் காலை ஆட்டறதுக்கு ஒரு க்ளாஸு, அதுக்கு ஒரு போர்டு வேற," என்று மொத்தக் குடும்பமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளே நக்கலடித்திருக்கிறாள். நாத்தனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனாள். அதன்பிறகு இரண்டு வருடம், பார்த்தால் நலம் விசாரிப்பதோடு சரி.

தோளில் போட்ட கட்டை அவிழ்த்து மூன்று மாதம் கழித்து அந்த வகுப்பின் வாசலில் போய் நின்றாள்.

"வாங்க அண்ணி. அந்தப் பாயில முட்டி போடுங்க," என்றாள் நாத்தனார்.

கைகளை ஊன்றி, இரண்டு முட்டிகளையும் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கி நிற்க வேண்டும். அவ்வளவுதான். பத்து நொடியில் ரப்பர் டீச்சரின் உடம்பு வெடவெடத்தது. பக்கத்துப் பாயில் தொந்தியும் தொப்பையுமாக ஒரு லாரி டிரைவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"முழங்கையைப் பூட்டாதீங்க அண்ணி. எலும்பு மேல சாயறீங்க. தசை வேலை செய்யட்டும்."

வகுப்பு முடிந்தும் அவள் பாயைவிட்டு எழவில்லை. கண் கலங்கியிருந்தது. "அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா. இத்தனை வருஷமா என்னத்தச் சொல்லிக்கொடுத்தேன்னு இருக்கு."

நாத்தனார் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு இடுப்பு கட்டை மாதிரி, அண்ணி. சம்மணம் போட முடியாது. அதான் எப்பவும் நாற்காலி. வெட்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லல. நீங்கதான் பார்த்துச் சரி பண்ணணும்."

செவ்வாய்க்கிழமை இங்கே தோளுக்கு, வெள்ளிக்கிழமை மாடியில் இடுப்புக்கு என்று ஆரம்பித்தார்கள். ஒரு வருடத்தில் அது ஒரே வகுப்பாகிவிட்டது. முதலில் பிலாட்டீஸ், மூட்டைச் சுற்றிய தசைகள் முறுக்கேற. பிறகு ஆசனம். முழுதாக வளையாமல், சற்று முன்னாலேயே நிறுத்தி, மூச்சு விட்டபடி அங்கேயே பிடித்து நிற்பது.

வித்தை காட்டாத டீச்சர் எதற்கு என்று பழைய ஆட்களில் பாதிப்பேர் கழன்றுகொண்டார்கள். அது அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. முட்டி வலிக்காரர்களும், நாளெல்லாம் குனிந்து பல் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்ட டாக்டரும் புதிதாக வந்தார்கள். இவர்கள் யாரும் வாயைப் பிளப்பதில்லை. "படி ஏற முடியுது டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

நாலு வருடமாகத் தோள் நழுவவில்லை. ஆனாலும் வகுப்புக்கு முன் தனியாக நின்று பின்னால் வளையும்போது உடம்பு கடைசிவரை வளையத்தான் துடிக்கிறது. பாதியில் நிறுத்துகிறாள். அந்தப் பாதியில் நிற்பது இன்றைக்கும் அவளுக்குச் சிரமமாகத்தான் இருக்கிறது.