ஒரே சாப்பாடு, ஒரே கேன்

மயிலாப்பூரில் காபி சாப்பாட்டுக் கணக்கில் சேராது. மாட வீதியை ஒட்டிய சந்தில் உள்ள ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இது எனக்குத் தெரிந்துவிட்டது. "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணும் சாப்பிடலையே?" என்று கேட்டால், "பச்சைத் தண்ணி பல்லுல படலை" என்று சத்தியம் செய்வார்கள். முழங்கைக்கு மேலே பட்டையைக் கட்டி, பஞ்சால் துடைத்து, ஊசியை எடுத்த பிறகு மெதுவாக வரும்: "காபி மட்டும் ஒரு வாய்." சர்க்கரை போட்டா? "பேருக்கு." நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினால், சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டதைப் போல என்னைப் பார்ப்பார்கள். திருவல்லிக்கேணியிலிருந்து கிளம்பும்போதே நான் இரண்டு இட்லி சாப்பிட்டிருப்பேன் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்வதில்லை.

இத்தனை பேரில் நான் இன்றும் நினைத்துச் சிரிக்கும் ஒரு தம்பதி உண்டு. மாமா இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமி வீட்டிலேயே குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித் தருபவர். மாமாவுக்கு ரத்த அழுத்தம் பல வருடங்களாக உண்டு. கால் கொஞ்சம் வீங்குகிறது என்று டாக்டர் அவருக்கு இருபத்துநாலு மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தார். சிறுநீரகத்திலிருந்து எவ்வளவு புரதம் ஒழுகுகிறது என்று பார்ப்பதற்கு.

பெரிய வெள்ளைக் கேனை மேசைமேல் வைத்து நான் விளக்கினேன். காலையில் எழுந்ததும் முதல் தடவை போவதைக் கேனில் பிடிக்க வேண்டாம். மணியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு அப்புறம் மறுநாள் காலை அதே நேரம் வரை, எத்தனை தடவை போனாலும் அத்தனையும் கேனுக்குள் வந்துவிட வேண்டும். மாமா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நான் கடைசியாக, "கேனை ஃப்ரிட்ஜுல வெச்சிடுங்க மாமா" என்றேன்.

அதுவரை பேசாமல் இருந்த மாமி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எந்த ஃப்ரிட்ஜுல?"

"உங்க வீட்டு ஃப்ரிட்ஜுலதான் மாமி."

"எங்காத்து ஃப்ரிட்ஜுலயா? பால் இருக்கு, தயிர் இருக்கு, பெருமாளுக்கு எடுத்து வெச்ச வெண்ணெய் இருக்கு. அதோட இதையும் வெச்சுக்கணுமா? நன்னாருக்குடி நீ சொல்றது!"

"மூடிதான் நல்லா இறுக்கமா இருக்கே மாமி."

"மூடி இருந்தா? உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஐஸ் கட்டி போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்தாலும் போதும் என்று நான் இறங்கி வந்தேன். பால்கனியில் துணி காயப் போடும் மூலையில் பெட்டிக்கு இடம் கொடுக்க மாமி சம்மதித்தார். துணியை அன்றைக்கு மட்டும் மொட்டை மாடியில் காயப் போட்டுக்கொள்வாராம்.

இரண்டு நாள் கழித்து மாமா கேனோடு வந்தார். தூக்கிப் பார்த்தேன். கேன் காற்றுப் போல இருந்தது.

"இவ்வளவுதானா மாமா?"

"அவ்வளவுதாம்மா. வயசாயிடுத்தோல்லியோ."

"வெளியில எங்கயாவது போனீங்களா?"

மாமா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மார்கழி மாதம். சபாவில் மத்தியானக் கச்சேரி, டிக்கெட் கிடையாது, இலவசம். கச்சேரி முடிந்து கேன்டீனில் அக்காரவடிசல், அப்புறம் சாயங்காலம் இன்னொரு கச்சேரி. "அங்கெல்லாம் கேனைத் தூக்கிண்டு போக முடியுமா, நீயே சொல்லு. வாசல்ல பையைத் திறந்து காட்டச் சொல்றான்."

திருப்பி எடுக்கத்தான் வேண்டும் என்றேன். அன்றைக்குச் சாயங்காலமே மாமியிடமிருந்து எனக்கு போன் வந்தது. "லைப்ரரிக்குப் போறேன்னு சொல்லிட்டுன்னா போனார்! இந்தத் தடவை நான் பாத்துக்கறேன். வாசப்படி தாண்ட விடமாட்டேன். நீ இன்னொரு கேன் குடுத்தனுப்பு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மாமா மறுபடி வந்தார். இந்த முறை கேன் கழுத்து வரை நிறைந்திருந்தது. இரண்டு கையாலும் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு, பரீட்சையில் முதலாவதாக வந்தவரைப் போல உட்கார்ந்தார். டாக்டர் எழுதியிருந்த ரத்தப் பரிசோதனைக்காக அவர் கையிலிருந்து ரத்தமும் எடுத்துக்கொண்டேன். அந்த விஷயத்தில் அவர் தங்கமான மனிதர். கையை நீட்டிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, முந்தின நாள் ரேடியோவில் கேட்ட ஆலாபனையை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு, உள்ளே பரிசோதனை செய்யும் அக்கா கேனைப் பார்த்தாள். வியாசர்பாடிக்காரி. எனக்குச் சீனியர்.

"இன்னாடி இது, போன தபா அடியில கெடந்துச்சு, இப்போ வழியுது? தண்ணி ஊத்திகினு வந்துட்டாரா உங்க மாமா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். திரும்பத் திரும்ப அனுப்புகிறேன் என்று பயந்து குழாயைத் திறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். அக்கா எதற்கும் பார்ப்போம் என்று ஒரு ஸ்ட்ரிப்பை முக்கி எடுத்தாள். சர்க்கரையைக் காட்டும் கட்டம் பச்சையைத் தாண்டி பழுப்பாக மாறியது.

"சக்கர கீதுடி. நெறைய கீது."

ஆனால் ஒரு மணி நேரத்தில் வந்த மாமாவின் ரத்த முடிவில் சர்க்கரை துளிகூட அதிகமில்லை. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ரத்தத்துல இல்லாத சக்கர யூரின்ல எங்கேர்ந்து வந்துச்சு? ஜூஸ் எதுனா ஊத்துனாரா? போன் போட்டுக் கேளு."

போன் போட்டேன். மாமிதான் எடுத்தார்.

"மாமி, கேன்ல வேற எதாவது கலந்துடுச்சா?"

"என்னத்தைக் கலக்கறது?"

"தண்ணி, ஜூஸ், அந்த மாதிரி."

"சீ, அதெல்லாம் ஒண்ணும் கலக்கலை."

ஆனால் மாமி போனை வைக்கவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு மாமியின் குரல் மிகவும் தாழ்ந்து வந்தது.

"இவர்கிட்ட சொல்லப்படாது. சொல்ல மாட்டியே?"

"சொல்லுங்க மாமி."

"ராத்திரி இவர் தூக்கக் கலக்கத்துல எழுந்து போனார். கேனை மறந்துட்டார். தண்ணி ஊத்தற சத்தம் எனக்குக் கேட்டுது. இது போறாதுன்னு நீ மறுபடி திருப்பி அனுப்புவே, நாலு பேர் முன்னாடி அவருக்கு அவமானம். அதான் ஈடுகட்டிட்டேன்."

"எப்படி ஈடுகட்டினீங்க?"

மாமி ஒரு தடவை கனைத்துக்கொண்டார். எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

"மாமி! உங்களோடதையா?"

"ஏண்டி கத்தறே? ரெண்டு பேரும் ஒரே சாம்பார், ஒரே ரசம், ஒரே தண்ணி. நாப்பது வருஷமா ஒரே சாப்பாடு. ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் இருந்துடப் போறது?"

போனை ஒரு கையால் பொத்திக்கொண்டேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அக்கா என் முகத்தைப் பார்த்து, "இன்னா, இன்னா?" என்று சைகையிலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் அந்தப் பழுப்புக் கட்டம் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமி, ஒரு தடவை அவர் விட்டதுக்கு ஒரு தடவைதானே சேர்த்தீங்க?"

"ஒரு தடவை சேர்த்தேன். அப்புறம் எதுக்கும் இருக்கட்டும்னு இன்னும் ரெண்டு மூணு தடவை. நான்தான் ராத்திரி பூரா எழுந்து எழுந்து போயிண்டே இருக்கேனே. வயசானா அப்படித்தானே?"

"தாகம் எடுக்குதா?"

"பாட்டு சொல்லித் தரவளுக்குத் தொண்டை வறளாதா?"

"கடைசியா எப்போ மாமி ரத்தம் குடுத்துப் பாத்தீங்க?"

"எனக்கென்ன கேடு? நான் கல்லு மாதிரி இருக்கேன். பொண்ணைப் பெத்தப்போ பாத்தது." அந்தப் பெண்ணுக்கே இப்போது கல்லூரியில் படிக்கும் பையன் இருக்கிறான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

நாளைக் காலை வெறும் வயிற்றில் வந்துவிடுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். சரி, அப்படியானால் மாமாவிடம் போனைக் கொடுங்கள், அவரிடம் பேசிக்கொள்கிறேன் என்றேன். வருகிறேன் என்றார்.

திங்கட்கிழமை காலை இருவரும் சேர்ந்தே வந்தார்கள். மாமாவின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. ராத்திரி மாமியே சொல்லிவிட்டிருக்கிறார்.

"கேட்டியாம்மா அநியாயத்தை?" என்றார் மாமா, பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. "என் ஷர்ட்டு, என் பேப்பர், என் கச்சேரி, எல்லாத்துலயும் தலையிட்டுண்டிருந்தா. சரின்னு விட்டேன். என் கேன்லயுமா?"

மாமி அவரைக் கண்டுகொள்ளாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழரையைத் தாண்டியிருந்தது. "ராகு காலம் ஆரம்பிச்சுடுத்து. ஒம்பது மணிக்கு மேல எடுத்துக்கோ."

"அதுவரைக்கும் ஒண்ணும் சாப்பிடக் கூடாது மாமி."

"காபி?"

"காபியும்தான்."

மாமி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலமா காபியா என்பது லேசான கேள்வி இல்லை. கடைசியில், "எல்லாத்துக்கும் விதிவிலக்கு உண்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

வளையல்களை மேலே தள்ளி, கையை மடக்கி விரிக்கச் சொன்னேன். மாமிக்கு நரம்பு மிக மெல்லியது, அடியில் ஒளிந்துகொண்டது. வெந்நீரில் நனைத்த துண்டைக் கொஞ்ச நேரம் வைத்தேன். மாமி இன்னொரு கையால் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தனை வாய் பேசுகிறவருக்கு ஊசி என்றால் பயம். அதனால்தான் இத்தனை வருடம் எந்தப் பரிசோதனைக்கும் வரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கேலி பேசிக்கொண்டிருந்த மாமாவும் அதைப் பார்த்துவிட்டார். எழுந்து வந்து மாமியின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இருக்கேன். நீ அந்தப் பக்கம் பாரு."

ஊசியைச் செலுத்தினேன். மாமி சுவரைப் பார்த்தார். மாமா குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தார். தன் ரத்தத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை, எப்போதும் ஜன்னலைத்தான் பார்ப்பார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர் முகம் வெளுத்தது. "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொண்டே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்னா! ஏன்னா!" மாமி எழப் பார்த்தார். நான் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "என்னை விடுடி, அவரைப் பாரு! அவருக்குத் தண்ணி குடு! தலையைக் குனிஞ்சுக்கோங்கோ!" அக்கா தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து மாமாவின் முகத்தில் தெளித்தாள். "இன்னா மாமா, குத்துனது அவங்களுக்கு, வுழுறது நீங்களா?" என்றாள். மாமா கண்ணைத் திறந்து சிரிக்க முயன்றார்.

நான் பஞ்சை வைத்து மாமியின் கையை மடக்கினேன். மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, சீக்கிரம் குத்து. இவரை ஆத்துக்கு அழைச்சுண்டு போகணும்."

"எடுத்தாச்சு மாமி."

"எப்போ?"

சர்க்கரை நன்றாகவே ஏறியிருந்தது. முடிவை வாங்கிக்கொண்டபோது மாமி கேலி எதுவும் பேசவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "நல்ல வேளை இவருக்கில்லை" என்று மட்டும் சொன்னார். மாமாவோ வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, உள்ளே வந்து, "இவ கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் இப்போதாவது தெரிந்ததே என்றேன்.

மாமா மூன்றாவது முறை கேன் எடுத்துப் போனபோது அது ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. கீழ்த்தட்டுக் காய்கறிகளை மாமியே வெளியே எடுத்து வைத்துவிட்டாராம். பிறகு ஃப்ரிட்ஜை மூன்று முறை கழுவினார் என்று மாமா ரகசியமாகச் சொன்னார். புரதம் கொஞ்சம்தான் ஒழுகியது. டாக்டர் மாத்திரையை மாற்றினார், ஊறுகாயை நிறுத்தினார். மாமிக்கும் மாத்திரைதான். நடக்கச் சொல்லியிருந்ததால் இருவரும் சாயங்காலம் லஸ் பக்கத்துப் பூங்காவுக்குப் போகிறார்கள். மாமி முன்னால் நடப்பார், மாமா பின்னால்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாமி ரத்தம் கொடுக்க வருகிறார். முறை வரும்வரை பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடிவதில்லை. போன தடவை, காதில் இயர்போன் மாட்டிய ஒரு பையன் புதிதாக வாங்கிய கேனை மடியில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தான். மாமி அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, முதல் தடவை எதை விட வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும் என்று பாட்டு வகுப்புக் குரலில் விளக்க ஆரம்பித்தார். பையனின் காது சிவந்துவிட்டது. இருந்தாலும் இயர்போனைக் கழற்றிவிட்டு முழுவதையும் கேட்டான்.

உள்ளே வந்து கையை நீட்டியபோது மாமி சுவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "நல்ல பையனா இருக்கான், பொறுமையாக் கேட்டுண்டான். எனக்குத் தெரிஞ்சவா பொண்ணு ஒண்ணு இருக்கா. கல்யாணம் ஆயிடுத்தான்னு மெதுவா விசாரியேன். ஆனா ரிப்போர்ட் எப்படி வரதுன்னு பாத்துட்டு."