எண்ணெய்க் குளியலும் எப்.சி. பஸ்ஸும்

தண்ணீர் பீய்ச்சும் கன்னில் தண்ணீர் நின்று வெறும் காற்று வந்தபோது, பஸ்ஸின் பின்பாதிதான் கழுவி முடிந்திருந்தது. பம்பு இஞ்சின் மட்டும் ஊரைக் கூட்டியது.

அறுபதுகளில் ஒரு சாரல் சீசன் அது. தென்காசியில் சிற்றாற்றை ஒட்டி எங்கள் ஷெட். பெட்ரோல் இஞ்சினில் ஓடும் பம்பு ஆற்றுத் தண்ணீரை இழுத்துக் கன் வழியாகப் பீய்ச்சும். லாரி, பஸ் எல்லாம் அதில்தான் கழுவுவோம். இஞ்சின் என் பொறுப்பு. கன் பிடிப்பவன் சுலைமான். என் வயதுதான், வாய் இரண்டு ஆளுக்கு உண்டு. "நான் கழுவுன வண்டியில ஈ உக்காந்தா வழுக்கி விழும்லே" என்பான்.

பஸ் சண்முகவேல் அண்ணாச்சியுடையது. அவருக்கு இருந்ததே அந்த ஒரு பஸ். மறுநாள் காலை திருநெல்வேலியில் எப்.சி., பஸ் ஓடத் தகுதியா என்று பார்க்கும் சோதனை. அடியில் சேறு இருந்தால் பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். எப்.சி. கிடைக்காவிட்டால் குற்றாலம் டிரிப் கிடையாது, சீசன் போச்சு.

நான் பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டை ஊதினேன். மாட்டி ஓட்டினால் அதே கூச்சல், அதே காற்று.

"தம்பி, பொண்டாட்டி நகை பூரா இந்த பஸ்ஸுலதான் இருக்கு" என்றார் அண்ணாச்சி. நான் மறுபடியும் பிளக்கைக் கழற்றினேன்.

"எதுக்குலே அதப் போட்டுக் குடையுத?" என்றான் சுலைமான். "இஞ்சின் சும்மால்லா சுத்துது. தண்ணிய இழுத்தா இப்படியா துள்ளும்? பம்புக்குத் தண்ணியே போகல."

சொன்னவன் ஆற்றில் இறங்கி, குழாயின் அடிச் சல்லடையைத் தூக்கிக் காட்டினான். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களின் சீயக்காய்த் தூள், தலைமுடி எல்லாம் களிம்பாக அப்பியிருந்தது. சீசன் தண்ணீர் எதைக் கொண்டு வரும் என்று தெரிந்த ஊர்க்காரன் நான். ஆனாலும் இஞ்சினை விட்டு என் கண் நகரவில்லை.

வழித்துவிட்டுப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடைத்தது. சுலைமான் ஒரு மூங்கில் கூடையில் தன் தோளில் கிடந்த துவர்த்தைச் சுற்றிக் கட்டி, சல்லடையை அதற்குள் வைத்தான். துணியில் அழுக்குப் படியப் படிய யாராவது துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். "கன்ன நீ பிடிலே" என்று சொல்லிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் அவனே நின்றான். சாரலும் காற்றும் எலும்பைப் பிடுங்கின. பல் கிடுகிடுத்தாலும் வாய் ஓயவில்லை. "அங்கன சேறு கெடக்கு பாரு! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று ஆற்றிலிருந்தே என்னை விரட்டினான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பஸ்ஸின் அடி பளிச்சென்று ஆகிவிட்டது. சுலைமான் கரையேறியபோது கால் மரத்து நிற்க முடியவில்லை. அண்ணாச்சி தன் வேட்டி நனைவதைப் பார்க்காமல் அவனைத் தோளோடு தாங்கிக்கொண்டார்.

பிறகு எத்தனையோ மிஷின் பார்த்துவிட்டேன். பிரஷர் இல்லை என்று யார் வந்தாலும் முதலில் தண்ணீர் வரும் வழியைத்தான் பார்ப்பேன். ஸ்பானர் அதற்கப்புறம்தான்.

மறுநாள் சாயங்காலம் அந்த பஸ், படியில் ஆள் தொங்க, குற்றாலத்துக்குப் போனது. ஷெட் வாசலுக்கு வந்ததும், ஓட்டி வந்த அண்ணாச்சி நீளமாக ஹாரன் அடித்தார். ஜுரத்தோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சுலைமான் எழுந்து நின்று, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான்: "ஏலே, அங்க போகுது பாரு, எம் பஸ்ஸு!"

அவன் பஸ்தான்.