யேமன் மாமா வீட்டு விருந்தாளிகள்

இதை எழுதலாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். பெரிய படிப்பில்லாத எனக்கு ஒரு நாட்டின் பெயரைப் பற்றி எழுத என்ன தகுதி என்ற கூச்சம். போன வெள்ளி விளக்கேற்றும்போது, எழுது என்று முருகனே சொன்னதுபோல் இருந்தது.

பிராங்பேர்ட்டில் எங்கள் மேல்மாடியில் ஒரு யேமன் நாட்டு மாமா இருந்தார். மகள் பிறந்த சந்தோஷத்துக்கு விருந்து என்று கதவு கதவாகத் தட்டி அழைத்தார். அந்தக் கிழமைதான் அவருடைய நாட்டு மலைச்சனங்கள் ஜெர்மன் சுற்றுலாக்காரர் சிலரைக் கடத்திவைத்திருந்து பின் விடுவித்திருந்தார்கள். அழைத்த வீடுகளிலெல்லாம் திடீரென்று காய்ச்சலும் பயணமும் வந்தன.

அம்மாவும் மறுத்தார். "பெயரிலேயே எமன் இருக்கிறான். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அங்கை போறதே?"

"டிவியில என்ன சொல்லுறாங்கள் எண்டு கேட்டுச் சொல்லு பிள்ளை," என்றார் அப்பா. வீட்டின் மொழிபெயர்ப்பாளர் மூன்றாம் வகுப்பு படித்த நான்தான்.

விடுபட்டு வந்த ஒரு பெண்மணி பேசிக்கொண்டிருந்தார். பணயக்கைதியைச் சொல்லும் 'கைசல்' என்ற ஜெர்மன் சொல் எனக்குத் தெரியாது. விருந்தாளியைச் சொல்லும் 'காஸ்ட்' தெரியும். பயந்ததையும் அவர் சொல்லியிருப்பார். என் காதில் தங்கியது விருந்தாளி போல வைத்திருந்தார்கள் என்பது மட்டுமே.

"அவையள் விருந்தாளியளாம் அப்பா. ஆடு அடிச்சுக் குடுத்தவையாம். போக விடாமல் மறிச்சு வச்சவையாம்."

"எங்கட சனம் மாதிரித்தான்," என்று அப்பா எழுந்தார். "எங்கட நாட்டையும் இந்த டிவியிலதானே சண்டை நாடெண்டு காட்டுறாங்கள். வெளிக்கிடும், போவம்."

"வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தின்னேலாது," என்பது அம்மாவின் கடைசி ஆயுதம்.

"ரொட்டி இருக்கும்தானே."

மேலே பெரிய சட்டி நிறைய இறைச்சிச் சோறு. சுற்றிவர வெறும் மெத்தைகள். வந்தது நாங்கள் மட்டும். எங்களுக்காக மாமா சூடான ரொட்டியில் தேன் ஊற்றினார். உங்கள் ஊரில் விருந்தாளியைப் போகவே விடமாட்டார்களாமே என்று என் ஜெர்மனில் கேட்டேன். அவர் சிரிக்கத் தொடங்கி, குழந்தையின் துணியால் கண்ணைத் துடைத்தார். சிரித்தால் ஏன் கண்ணீர் என்று அப்பாவைப் பார்த்தேன். அப்பா ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'கைசல்' என்றால் என்னவென்று வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். அப்பா வேலை செய்த சமையலறையில் நாள் முழுக்க ஜெர்மன் ரேடியோ ஓடும். நான் சொல்லித்தானா அவருக்குத் தெரிந்திருக்கும்? கேட்பதற்குள் முருகன் அவரைக் கூப்பிட்டுக்கொண்டான்.

இதை யாருக்காவது சொன்னால் அந்த ஒரு சொல்லைத் திருத்திவிடாதீர்கள். விருந்தாளி என்றே சொல்லுங்கள்.