அலசிய பாட்டில்

எங்கள் ஊர்ப் பாலத்தடியில் ஓடுவது காவிரியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால். படித்துறைக்கு நேர் எதிரே என் டீக்கடை. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து போட்டது.

கல்லூரி ஆராய்ச்சி மாணவி ஒருவர் வாரம் ஒருமுறை வருவார். கோரை வேர்களுக்கிடையே வலையை இழுத்துப் பூச்சிகளைப் பிடித்து எண்ணுவார். எந்தப் பூச்சி வாழ்கிறது என்பதை வைத்தே தண்ணீரின் குணத்தைச் சொல்லிவிடலாமாம். ஊர்க்காரர்களும் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று, பட்டப்படிப்பு படித்தவன் என்பதால் என்னிடம் விரல் நீளப் பாட்டில்கள் சிலவற்றைக் கொடுத்தார்.

"கோடு வரைக்கும் தண்ணி புடிச்சு மூடி வைங்க பாய். ரெண்டு நாள்ல கறுத்துப் போனா சாக்கடை கலந்திருக்குன்னு அர்த்தம்."

மூன்று வாரம் பிடித்தேன். ஒன்றும் கறுக்கவில்லை. குளிக்க வருகிறவர்கள் துண்டோடு கடை முன் நின்று, "என்ன பாய், தண்ணி பாஸா ஃபெயிலா?" என்பார்கள்.

"பாஸ்தான். தைரியமா எறங்குங்க."

அந்தத் தைரியத்தில்தான் என் மகளையும் தோழிகளோடு குளிக்க அனுப்பினேன். பதினொரு வயது. அவள் இருமினாலே நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவன் நான். இரண்டாம் நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. நான்கு நாள் ஆஸ்பத்திரி. அந்தச் சின்னக் கையில் நரம்பு தேடி ஊசி குத்தியது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"கெட்ட தண்ணி ஏதாவது குடிச்சாளா?" என்று டாக்டர் கேட்டார்.

"வாய்க்கால் தண்ணி சுத்தம் சார், நானே பாக்கறேன். பானிபூரி சாப்பிட்டிருப்பா."

மகள் கண்ணைத் திறக்காமலே, "நான் சாப்பிடல அத்தா" என்றாள். நான் நம்பவில்லை.

அவள் வீடு திரும்பிய மறுநாள் மாணவி புதுப் பாட்டில்களோடு கடைக்கு வந்தார். ஒன்றை வாங்கி, பாய்லர் வெந்நீரைப் பிடித்துக் குலுக்கிக் கீழே கொட்டினேன். வெந்நீரில் அலசாத கிளாசில் நான் டீ ஊற்றியதே இல்லை. அதிலும் இந்தப் பாட்டில்களின் அடியில் பழுப்பாகத் தூள் வேறு ஒட்டியிருக்கும்.

"ஐயோ பாய், என்ன பண்றீங்க! அந்தத் தூள்தான் மருந்தே!"

"அழுக்குன்னு நெனச்சேம்மா."

"எல்லாத்தையும் இப்படித்தான் அலசினீங்களா?"

தலையாட்டினேன். கழுவக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அன்றே அலசாமல் ஒரு பாட்டில் பிடித்தோம். மறுநாள் காலையிலேயே மை போலக் கறுத்திருந்தது. அதை எறிந்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். கொஞ்ச நேரம் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கிளாஸ்களுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன பாய், டிகாக்ஷனை பாட்டில்ல அடைச்சு விக்கப் போறீங்களா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"இது நம்ம வாய்க்கால் தண்ணிங்க. இதுவரைக்கும் மருந்தைக் கழுவிக் கொட்டிட்டு டெஸ்ட் பண்ணிருக்கேன். மூணு வாரமா நான் சொன்னது தப்பு. யாரும் எறங்காதீங்க."

சிரிப்பு நின்றது. நடவுக்குப் போகும் ஒரு பெண் மட்டும், "என் மவனுக்குப் போன வாரம் பூரா வயித்தால போச்சு பாய்" என்றார். டீயை முழுதும் குடித்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது மாணவியும் நானும் வாய்க்கால் வரும் திசையில் ஒவ்வொரு பாலமாகப் போய்த் தண்ணீர் பிடிக்கிறோம், சாக்கடை எங்கே கலக்கிறது என்று பார்க்க.

கடையில் சொன்ன அன்று சாயங்காலமே மகளிடமும் சொன்னேன்.

"அப்ப நான் பானிபூரி சாப்பிடலன்னு இப்ப நம்புறீங்களா அத்தா?"

"நம்புறேம்மா."

"அப்ப நாளைக்கு வாங்கித் தாங்க."

அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கையை எடுக்கத்தான் மனம் வரவில்லை.